பகைவர் கைப்பட்ட நகரில் குடிமக்கள் வாழ்வு: நியூயோர்க், 1776–1783

அமெரிக்கச் சுதந்திரப் போரின் வரலாற்றை நம் பாடநூல்கள் போர்க்களங்களின் வரிசையாகவே எடுத்துரைக்கின்றன. லெக்சிங்டனில் தொடங்கி, சரட்டோகாவில் திரும்பி, யோர்க்டவுனில் முடிவெய்தும் அவ்வரிசையைத் தளபதிகளின் பெயரோடும் ஆண்டுகளோடும் மாணவர் மனனஞ் செய்து ஒப்புவிப்பர். ஒருமுறை வகுப்பிலே ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அந்த நகரங்களில் இருந்த சனங்கள் எங்கே போனார்கள்?" என்று வினவினான். அன்று அவனுக்குத் தக்க விடை கூற என்னால் இயலவில்லை. காலந்தாழ்த்தியேனும் அவ்விடையைக் கூற முயல்வதே இக்கட்டுரை.

அப்போர் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1780ஆம் ஆண்டின் இறுதியில் ஒல்லாந்தரும் அப்போரினுள் இழுக்கப்பட்டமையால், அவர் வசமிருந்த திருகோணமலையை 1782 சனவரியில் ஆங்கிலேயர் கைப்பற்றினர். அதே ஆண்டு ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சவ்றன் அதனை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். எனினும், ஒரு பெருநகரம் நெடுங்காலம் பகைப்படையின்கீழ் வாழ நேர்ந்தமைக்கு அப்போர் தரும் தலையாய எடுத்துக்காட்டு நியூயோர்க் நகரமே. 1776 செப்டெம்பர் 15 முதல் 1783 நவம்பர் 25 வரை, ஏழு ஆண்டுகளுக்கு மேலாக, அந்நகரம் பிரித்தானியப் படையின் தலைமையிடமாக விளங்கியது.

'பகைப்படை' என்று ஈண்டுக் கூறும்போதே ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. புரட்சியாளருக்குப் பகைவராகிய அப்படையினர், முடியாட்சியை விரும்பிய நகரமக்களுக்குத் தம் மன்னனின் படையினரேயாவர். அடிமைகளாயிருந்த கறுப்பினத்தாருட் பலருக்கோ அவர்கள் விடுதலையாளராகவே தோன்றினர். ஆதலின் அந்நகரமக்களை வீரர் என்றும் துரோகிகள் என்றும் இரு கூறாகப் பிரித்துவிடுதல் எளிதாயினும் பொருந்தாது. அவர்கள் அனைவரும் பொதுவாக இழந்தது ஒன்றுண்டு. அது சட்டத்தின் பாதுகாப்பு. அவ்விழப்பினையும் அதன் மீட்சியையும் வழிகாட்டியாகக் கொண்டு அவ்வேழாண்டு வாழ்வினை நோக்குவாம்.

நகரம் வெறிதானமை

மன்ஹற்றன் தீவின் தென்முனையிலே, ஹட்சன் ஆற்றுக்கும் கிழக்காறு எனப்படும் நீரிணைக்கும் இடையே அமைந்த நியூயோர்க், ஒல்லாந்தரால் நிறுவப்பெற்று 1664இல் ஆங்கிலேயர் வசமான வணிகப் பட்டினமாகும். போர் தொடங்குமுன் ஏறக்குறைய 25,000 மக்கள் அங்கு வாழ்ந்தனர். 1776ஆம் ஆண்டின் வேனிற்றொடக்கத்தில் ஜோர்ஜ் வாஷிங்டன் தம் படையுடன் அங்கு வந்து வீதிகள்தோறும் அரண் அமைத்தார். யூலை 9ஆம் நாள் சுதந்திரப் பிரகடனம் படையினர்முன் வாசிக்கப்பட்டதும், மக்கள் திரண்டு சென்று போலிங் கிறீன் திடலில் நின்ற மூன்றாம் ஜோர்ஜ் மன்னனின் ஈயச் சிலையை வீழ்த்தினர். அவ்வீயத்தின் ஒரு பகுதி அயற்குடியேற்றமாகிய கனெற்றிக்கட்டில் உருக்கப்பட்டு 42,088 துப்பாக்கிக் குண்டுகளாக வார்க்கப்பட்டது.

சிலை வீழ்ந்த நகரில் மன்னன்பால் அன்புடையோர் வாழ்தல் அரிதாயிற்று. அவ்வாண்டு யூன் மாதத்திலேயே முடிவிசுவாசிகள் சிலரைக் கூரிய மரச்சட்டங்களின்மீது ஏற்றி வீதிவழியே சுமந்துசென்று கூட்டத்தினர் அவமதித்தனர். பிறரைத் துன்புறுத்துதல் பகைப்படை வந்தபின் தோன்றிய வழக்கமன்று என்பதை இதனால் அறிகின்றோம்.

பின்னர்த் தளபதி வில்லியம் ஹவ், 30,000-க்கு மேற்பட்ட படையினருடன் வந்திறங்கினார். ஓகஸ்ட் 27இல் லோங் தீவுப் போரில் வாஷிங்டனின் படை தோல்வியுற்றது. செப்டெம்பர் 15இல் பிரித்தானியர் நகரினுள் புகுந்தபோது அங்கு எஞ்சியிருந்தோர் ஏறத்தாழ 5,000 பேரே. முன்னர் முடிவிசுவாசிகள் ஓடினர். இப்போது புரட்சியாளர் ஓடினர். எஞ்சியிருந்தோர் படையினரை ஆரவாரத்தோடு வரவேற்றனர். ஓடியவர்களின் வீட்டுக் கதவுகளில் மன்னன் பெயரின் முதலெழுத்துக்கள் பொறிக்கப்பட்டன. அன்றுமுதல் அவ்வீடுகள் படையின் உடைமையாயின.

செப்டெம்பர்த் தீ

படை புகுந்து ஆறாம் நாள், செப்டெம்பர் 21ஆந் திகதி நள்ளிரவு கழிந்தபின், நகரின் தென்முனையில் தீ மூண்டது. தேவாலய மணிகளைப் பீரங்கி வார்ப்பதற்காக வாஷிங்டனின் படையினர் முன்பே கழற்றிச் சென்றிருந்தமையால், உறங்கியோரை எழுப்ப மணியொலி எழவில்லை. தீயணைக்கும் பணியிற் பழகியோருட் பலர் நகரைவிட்டு நீங்கியிருந்தனர். விடியுமுன் ஏறக்குறைய 500 வீடுகள் சாம்பராயின. பழம்பெருமை வாய்ந்த திரித்துவத் தேவாலயம் எரிந்து வீழ்ந்தது. புனித பவுல் சிற்றாலயம் தப்பியது.

தீயை மூட்டியவர் யாவர் என்பது இன்றுவரை தெளிவாக நிறுவப்படவில்லை. பின்வாங்குமுன் நகரைக் கொளுத்த வாஷிங்டன் விரும்பியதும், காங்கிரசு அதனைத் தடுத்ததும் உண்மையே. ஆதலின் பிரித்தானியர் புரட்சியாளர்மீதே ஐயுற்றனர். அவ்விரவில் ஐயத்துக்குள்ளானோர் சிலர் விசாரணையின்றியே கொல்லப்பட்டனர். மறுநாள், ஒற்றன் எனப் பிடிபட்ட நேதன் ஹேல் என்னும் இளம் ஆசிரியர் விசாரணை மன்றமெதுவும் கூடாமலே தூக்கிலிடப்பட்டார். அவர் தாம் ஒற்றுப்பணிக்கு வந்தமையை ஒப்புக்கொண்டார் என்பர். எனினும் விசாரணை என்னும் முறை ஒரே வாரத்துள் நகரைவிட்டு நீங்கியது என்பது நோக்கற்பாலது.

எரிந்த பகுதியில் எஞ்சிநின்ற சுவர்களுக்கும் புகைபோக்கிகளுக்கும் இடையே பழைய கப்பற்பாய்களைக் கட்டி ஏழைகள் குடியிருந்தனர். அப்பகுதிக்குப் 'பாய்த்துணி நகர்' என்று பெயர் வழங்கலாயிற்று. 1778 ஓகஸ்டில் மீண்டும் ஒரு பெருந்தீ எழுந்து உறையுட் பஞ்சத்தை மிகுவித்தது. இத்துணை இடநெருக்கடிக்கிடையே, பிற குடியேற்றங்களிலிருந்து துரத்தப்பட்ட முடிவிசுவாசிகள் அலையலையாக வந்து குவிந்தனர். 5,000 ஆகச் சுருங்கிய மக்கட்டொகை போர் முடியுந் தறுவாயில் 30,000-ஐயும் கடந்தது.

சட்டமின்றி ஏழாண்டுகள்

நகரில் தங்கிய முடிவிசுவாசிகள், தம் மன்னனின் படை வந்தமையால் மன்னனின் சட்டமும் உடன் வரும் என நம்பினர். 1776 நவம்பர் இறுதியில் 547 நகரமக்கள் வோல் வீதியிலிருந்த ஒரு சத்திரத்திற் கூடி, மன்னனுக்குத் தாம் என்றும் கீழ்ப்படிந்தோர் என்பதை எழுதிக் கையொப்பமிட்டுத் தளபதிக்கு அனுப்பினர். ஆயின் அவர்கள் எதிர்பார்த்த குடியியலாட்சி வரவில்லை. படைத்தலைமையால் நியமிக்கப்பட்ட நகரத் தளபதிகளே ஒருவர்பின் ஒருவராக ஏழாண்டுகளும் ஆண்டனர். 1780இல் ஜேம்ஸ் றொபேட்சன் தேசாதிபதியாகப் பதவியேற்றபோதும் சட்டசபை கூட்டப்படவில்லை. ஜூரிமுறை நீதிமன்றங்களும் திறக்கப்படவில்லை.

இதன் விளைவு யாது? ஒரு படைவீரன் குடிமகனைத் தாக்கினாலும், அவன் வேலியைப் பிடுங்கி விறகாக்கினாலும், ஜூரிமார்முன் வழக்குரைக்க வழியில்லை. படையினரிடமே முறையிடல் வேண்டும். குடும்பத்தோடு வாழும் வீட்டினுள் அதிகாரிகளுக்கு இடங்கொடுக்க நேர்ந்தது. பொருள்களின் விலை, வண்டிக்கூலி, இரவில் நடமாடும் நேரம் யாவும் தளபதியின் அறிக்கையால் விதிக்கப்பட்டன. ஆங்கிலேய அரசியலமைப்பின் உரிமைகளைப் புரட்சிக்கூட்டத்திடமிருந்து காக்கவே தாம் மன்னன் பக்கம் நின்றதாகக் கூறியோர், அவ்வுரிமைகளுள் ஒன்றையேனும் மன்னனின் படையிடம் பெறவில்லை.

இவ்வேமாற்றத்தைப் புரட்சியாளரின் வாயாலன்றி ஒரு முடிவிசுவாசியின் எழுத்தாலேயே நாம் அறிகின்றோம். தோமஸ் ஜோன்ஸ் என்பார் அக்குடியேற்றத்தின் மேல்நீதிமன்ற நீதிபதியாயிருந்தவர், புரட்சியை வெறுத்தவர். இங்கிலாந்திலே நாடுகடந்து வாழ்ந்தபோது அவர் எழுதிய வரலாறு, அவர் இறந்து நெடுங்காலத்தின்பின் 1879இல் அச்சேறியது. படையின் உணவதிகாரிகளும் குடியிருப்பதிகாரிகளும் மன்னனின் பணத்தையும் மக்களின் உடைமையையும் எவ்வாறு கொள்ளையிட்டனர் என்பதை அவர் கடுஞ்சினத்தோடு விரித்துரைக்கின்றார். நண்பரை இழக்கச்செய்வதில் பகைவரினும் வல்லவராய் அப்படையினர் விளங்கினர் என்பதே அந்நூலிலிருந்து யாம் பெறும் முடிபு.

எனினும் நடுநிலை பிறழாது ஒன்று கூறல்வேண்டும். 1777 இறுதியில் நகரமக்கள் சிலரைக்கொண்டு ஒரு வறியோர் பராமரிப்புச் சபை அமைக்கப்பட்டது. ஓடியோரின் வீட்டு வாடகை, மதுச்சாலை உரிமப்பணம், தண்டப்பணம் ஆகியவற்றைக் கொண்டு அச்சபை ஏழைகளுக்கு உதவியது, வீதிவிளக்குகளையும் பேணியது. படையாட்சியின் நடுவே குடிமக்கள் தம் கைக்கு எட்டியதைச் செய்தனர்.

விறகும் உணவும்

அடுப்பெரித்தலே அந்நகரின் பெரும் பிரச்சினையாயிற்று. தீவின் மரங்கள் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டன; பின் பழத்தோட்டங்களும் வேலிகளும் அடுப்பினுட் சென்றன. 1779–80ஆம் ஆண்டின் மாரிக்காலம் அந்நாட்டு நினைவிலே மிகக் கொடிய குளிர்காலமாகும். துறைமுகம் பல வாரங்கள் உறைந்து கிடந்தது. கப்பல் செல்லும் நீர்ப்பரப்பின்மீது உணவேற்றிய சறுக்குவண்டிகளும் பீரங்கிகளும் ஸ்டேற்றன் தீவுக்கு இழுத்துச்செல்லப்பட்டன. பழைய கப்பல்கள் உடைத்து எரிக்கப்பட்டன. பணம் படைத்தோரும் ஒரே அறையுட் குடும்பத்தோடு ஒடுங்கினர். பாய்த்துணிக் கூரையின்கீழ் வாழ்ந்தோரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

படையின் உணவு பெரும்பாலும் அயர்லாந்தின் கோர்க் துறைமுகத்திலிருந்து கடல்கடந்து வந்தது. நகரமக்களோ லோங் தீவின் விளைச்சலையும் கள்ளக்கடத்தலையும் நம்பினர். புரட்சியாளர் ஆண்ட நியூ ஜேர்சி, கனெற்றிக்கட் கரைகளிலிருந்து இரவோடிரவாக மாட்டிறைச்சியும் தானியமும் படகேறின. காங்கிரசின் காசுத்தாள் நாளுக்கு நாள் மதிப்பிழக்க, பிரித்தானியரோ பொன்னும் வெள்ளியும் கொடுத்தனர். பகலிலே சுதந்திரத்தைப் போற்றி இரவிலே பகைவர்க்கு உணவு விற்ற கமக்காரனைப் பழிக்குமுன், அவன் பிள்ளைகளுக்கு உப்பும் உடையும் எங்கிருந்து வந்தன என்றும் கேட்டல் தகும்.

பசியும் குளிரும் வாட்டிய அதே நகரில் நாடகமும் நடனமும் தழைத்தன. ஜோன் வீதி நாடகசாலை 1777 சனவரியில் 'அரச நாடகசாலை' என்னும் பெயரோடு திறக்கப்பட்டது. படையதிகாரிகளே வேடந்தாங்கி நடித்து, வருவாயிற் பங்கினைப் படைவீரரின் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் வழங்கினர். ஜேம்ஸ் ரிவிங்டன் வெளியிட்ட அரசசார்புப் பத்திரிகை வாஷிங்டனை வாரந்தோறும் எள்ளி நகையாடியது. அப்பத்திரிகையோடு தொடர்புடையவராய், அரசவிசுவாசி போல் உலவிய வணிகர் றொபேட் டவுன்சென்ட், 1779 முதல் வாஷிங்டனுக்கு இரகசியச் செய்திகளை அனுப்பிவந்தார். அவர் தம் தொண்டினை ஊரறியக் கூறாமலே 1838இல் இறந்தார். இருபதாம் நூற்றாண்டிலே கையெழுத்தை ஒப்புநோக்கியே அவர் யார் என்பது கண்டறியப்பட்டது. இத்தகைய நகரிலே ஒருவனின் முகத்தைக் கொண்டு அகத்தைத் துணிதல் இயலாது.

சிறைகள்

1776 நவம்பர் 16இல் வாஷிங்டன் கோட்டை வீழ்ந்தபோது 2,800-க்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். அவர்களை அடைக்கப் போதிய சிறை நகரில் இல்லாமையால், ஒல்லாந்த சபையினதும் பிற சபைகளினதும் தேவாலயங்களும், தடித்த சுவர்களையுடைய சீனி ஆலைகளும் சிறைகளாயின. பின்னர்ப் புரூக்ளின் கரையிலுள்ள வாலபவுட் குடாவில் பழுதடைந்த கப்பல்கள் நிறுத்தப்பட்டுக் கைதிகள் அவற்றுள் அடைக்கப்பட்டனர். அவற்றுள் 'ஜேர்சி' என்னுங் கப்பல் மிகக் கொடியதெனப் பெயர்பெற்றது. அங்கு இறந்தோர் 11,000-க்கு மேற்பட்டோர் எனப் பொதுவாகக் கூறுவர். இத்தொகை பற்றி வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உளதாயினும், போர்க்களத்திற் குண்டுபட்டு மாண்டவரினும் சிறையிற் பசியாலும் நோயாலும் மாண்டவரே மிகுதி என்பதில் ஐயமில்லை.

இக்கொடுமை நகரமக்களின் கண்முன்னே நிகழ்ந்தது. கண்டும் காணாதார்போற் சென்றோர் பலர். உணவு கொண்டுசென்றோரும் உளர். கைதிகளுக்கு உதவச் சென்ற எலிசபெத் பேர்ஜின் என்னும் பெண்மணி, 1779இல் இருநூறு பேரளவிலானோர் தப்பிச்செல்லத் துணைநின்றார். அவரைப் பிடித்துத் தருவோர்க்குப் பிரித்தானியர் 200 பவுண் பரிசு அறிவித்தனர். அவர் தம் உடைமைகளை விட்டுத் தப்பியோடி வறுமையுற்றார். பின்பு வாஷிங்டனின் பரிந்துரையால் 1781இல் காங்கிரசு அவருக்கு ஆண்டுதோறும் உதவிப்பணம் வழங்கியது.

யாருடைய சுதந்திரம்?

அடிமைகளாயிருந்த கறுப்பினத்தார்க்கு இந்நகரம் வேறொரு பொருளை உணர்த்தியது. 1779 யூன் 30இல் தளபதி ஹென்றி கிளின்டன், புரட்சியாளரிடமிருந்து தப்பிவரும் அடிமைகள் பிரித்தானியப் படையெல்லையினுள் தாம் விரும்பிய தொழிலைச் செய்து வாழலாம் என அறிவித்தார். இஃது அறத்தினால் மட்டும் எழுந்த செயலன்று. எதிரியின் உழைப்பைக் குறைக்கும் சூழ்ச்சியுமாகும். முடிவிசுவாசிகளின் அடிமைகளுக்கு இவ்வறிவிப்பால் யாதொரு பயனும் விளையவில்லை. எனினும் தென் குடியேற்றங்களிலிருந்தும் மக்கள் உயிரைப் பணயம் வைத்து நியூயோர்க்கை நாடி வந்தனர். அங்கே முதன்முறையாகத் தம் உழைப்புக்குத் தாமே கூலி பெற்றனர்.

1783இல் சமாதானம் ஏற்பட்டபோது நகரெங்கும் வெற்றிமுழக்கம் கேட்குமுன்னரே அவர்களிடையே அச்சம் பரவியது. பழைய எசமானர் நகருட் புகுந்து அடிமைகளைத் தேடலாயினர். தென் கரோலைனாவிலிருந்து தப்பிவந்த பொஸ்டன் கிங் என்பவர், அந்நாட்களில் உணவும் உறக்கமும் இழந்து தவித்தமையைத் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியுள்ளார். 1783 மே மாதத்தில் வாஷிங்டன், பிரித்தானியத் தளபதி கை கார்ல்டனை நேரிற் சந்தித்து, ஒப்பந்தப்படி அடிமைகளைத் திருப்பித்தர வேண்டுமெனக் கேட்டார். ஒருமுறை விடுதலை வாக்களிக்கப்பட்டோரை மீண்டும் ஒப்படைத்தல் மானக்கேடு எனக் கூறி கார்ல்டன் மறுத்தார். கப்பலேறிய ஏறத்தாழ 3,000 பேரின் பெயர், வயது, முன்னைய எசமானர் முதலியன ஒரு பேரேட்டிற் பதியப்பட்டன. வாஷிங்டனின் பண்ணையிலிருந்து தப்பிய ஹரி வாஷிங்டன் என்பவரின் பெயரும் அதில் உண்டு. அவர் நோவா ஸ்கோசியாவுக்கும், 1792இல் அங்கிருந்து ஆபிரிக்காவின் சியரா லியோனுக்கும் சென்றார்.

சுதந்திரத்துக்காகப் போரிட்ட தலைவரின் அடிமை தன் சுதந்திரத்தைப் பகைவரின் கப்பலிலே தேடிச்சென்றான். இந்நிகழ்ச்சி வாஷிங்டனின் பெருமையை முற்றாக அழிப்பதன்று. எனினும் அப்பெருமையை எடுத்துரைக்கும்போது இதனை மறைப்பது வரலாற்றாசிரியனுக்கு அழகன்று.

மீட்சியும் ஒரு வழக்கும்

1783 நவம்பர் 25இல் பிரித்தானியர் கப்பலேற, வாஷிங்டன் நகரினுட் புகுந்தார். கோட்டைக் கொடிமரத்திற் பிரித்தானியக் கொடியை ஆணியால் அறைந்து மரத்துக்குக் கொழுப்பும் பூசிச் சென்றிருந்தனராயினும், ஓர் இளைஞன் ஏறி அதனை அகற்றித் தம் நாட்டுக் கொடியை ஏற்றினான். அவ்வாண்டில் மட்டும் ஏறக்குறைய 30,000 முடிவிசுவாசிகள் அத்துறைமுகத்தினூடாக நாடு நீங்கினர். முன்னர் ஓடியோர் மீண்டனர். அவர் கண்டவை கூரையற்ற வீடுகளும் குதிரைப்பயிற்சிக் கூடமாக மாற்றப்பட்ட தேவாலயமுமே.

இப்போது மீண்டோருக்குத் தங்கியிருந்தோர்மீது சினம் மூண்டது. போர்க்காலத்தில் தம் உடைமைகளைப் பயன்படுத்தியோரிடம் இழப்பீடு கோரலாம் எனவும், படையதிகாரியின் கட்டளையை எதிர்வாதமாகக் கொள்ளலாகாது எனவும் நியூயோர்க் சட்டசபை 1783இல் ஒரு சட்டம் இயற்றியது. இதன்படி எலிசபெத் ரட்ஜர்ஸ் என்னும் முதிய விதவை, 1776இல் தாம் விட்டோடிய பியர் ஆலையை நடத்திய ஜோஷுவா வாடிங்டன் என்னும் வணிகர்மீது 8,000 பவுண் கோரி வழக்குத் தொடுத்தார். ஊராரின் இரக்கமெல்லாம் விதவையின் பக்கமே. வணிகருக்காக வாதிட முன்வந்தவரோ, வாஷிங்டனின் துணையதிகாரியாயிருந்து அவரோடு போரிட்ட அலெக்சாந்தர் ஹமில்டன்.

சமாதான ஒப்பந்தமும் நாடுகளிடைச் சட்டமும் ஒரு மாகாணத்தின் சினத்துக்கு மேற்பட்டவை என்பதே ஹமில்டனின் வாதம். 1784 ஓகஸ்டில் நகரமுதல்வர் மன்றம் இருவர்க்கும் இடைப்பட்ட தீர்ப்பை வழங்கியது. படைத்தலைமையின் உரிமத்தோடு ஆலையை நடத்திய பிற்பகுதிக்கு இழப்பீடு இல்லை; அவ்வுரிமமின்றி நடத்திய 1778–80 காலத்துக்கு உண்டு என்றது. ஜூரிமார் விதித்த தொகை ஏறத்தாழ 800 பவுணே. ஹமில்டனைப் பலர் துரோகி எனத் தூற்றினர். ஆயின் ஏழாண்டுகளாக மூடிக்கிடந்த நீதிமன்றக் கதவு திறந்ததும், வெறுக்கப்பட்ட ஒருவனுக்கும் அங்கே வழக்குரைஞர் கிடைத்தார். ஊராரின் கோபத்தை அளவுகோலாகக் கொள்ளாது ஆண்டையும் உரிமத்தையும் நோக்கித் தீர்ப்பு அளிக்கப்பட்டது. நியூயோர்க் நகரம் மீண்ட நாள் கொடியேறிய நாள் மட்டுமன்று, இத்தீர்ப்பு வழங்கிய நாளுமாகும் என யாம் கருதுகின்றோம். அம்மீட்சியும் நிறைவானதன்று, நியூயோர்க் மாநிலத்தில் அடிமைமுறை 1827இலேயே ஒழிந்தது.

அன்று வினவிய மாணவனுக்கு இனி விடை கூறலாம். அந்நகரத்துச் சனங்கள் சிலர் ஓடினர். சிலர் ஓடிவந்து சேர்ந்தனர். பலர் விறகு தேடினர், விலைக்கு வாங்கினர், விற்றனர், ஒளித்தனர், அஞ்சினர், அயலாருக்கு இயன்றபோது உதவினர். அவர்களுட் பெரும்பாலோர் வீரராகவோ துரோகியாகவோ விரும்பியவரல்லர். மறுநாள் அடுப்பெரியவேண்டும் என்று விரும்பியவரே. அவர்களையும் நினைவிற்கொண்டு போர்களின் ஆண்டுகளைக் கற்பார்களாயின், நம் மாணவர் வரலாற்றை ஒப்புவிப்பவராக மட்டுமன்றி உணர்ந்தவராகவும் விளங்குவர்.